பரங்கி விதை ஆடி வரை தாங்க: சாம்பலா, பாட்டிலா, ஃப்ரிட்ஜா?

ஆடியில் ஊன்றிய பரங்கி ஐப்பசி, கார்த்திகையில் முற்றிக் கைக்கு வரும். அதன் விதை அடுத்த ஆடிக்கு வேண்டுமென்றால் எட்டு மாதம் காக்க வேண்டும். பனி விழும் நாடுகளில் இந்த இடைவெளியைக் குளிரே பார்த்துக்கொள்ளும். விதையைக் காயவைத்து ஒரு மூலையில் வைத்தால் போதும். நமக்கு அந்தச் சலுகை இல்லை. விதை எடுக்கும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது, துவைத்த துணியே காயாது. மழை விட்டுத் தை, மாசி தாண்டினால் உள் மாவட்டங்களில் 40 டிகிரியைத் தொடும் வெயில். முதலில் ஈரம், அப்புறம் சூடு. இரண்டையும் தாண்டி வந்தால்தான் ஆடியில் முளைக்கும்.

துணிப்பை, சாண வரட்டி, சாம்பல் போட்ட பானை, கண்ணாடி பாட்டில், ஃப்ரிட்ஜ் என்று வீட்டுக்கு வீடு ஒரு வழி புழங்குகிறது. எது சிறந்தது என்பதற்கு ஒரே விடை கிடையாது. விதையின் அளவு, எத்தனை மாதம், கடலோர ஊரா உள்நாடா என்பதெல்லாம் சேர்ந்து முடிவு செய்யும் விஷயம். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் விதை எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த விதைக்கு, காற்றுப் புகாத நல்ல பாட்டிலைவிட ஓட்டைத் துணிப்பையே மேல். பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பதில் பலர் சறுக்குவது இங்கேதான்.

(இங்கே பரங்கி என்பது மஞ்சள் பூசணி, கொங்குப் பக்கத்து அரசாணி. சாம்பல் பூசணி, சுரை, பீர்க்கன் விதைகளுக்கும் சேமிப்பு முறை பெரும்பாலும் இதேதான்.)

ஈரமும் சூடும்: ஒரு சின்னக் கணக்கு

விதைச் சேமிப்பில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும் தோராய விதி அமெரிக்க விதையியல் அறிஞர் ஜேம்ஸ் ஹாரிங்டன் சொன்னது. விதைக்குள் இருக்கும் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரு மடங்காகும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் சுமார் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரு மடங்காகும். ஈரம் 5 முதல் 14 சதவீதத்துக்குள் இருக்கும்வரை இந்த விதி ஓரளவு சரியாக வரும்.

பரங்கிக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். 10 சதவீத ஈரத்தில் இருந்த விதையை 6 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் நான்கு முறை இரட்டிப்பு, அதாவது ஆயுள் 16 மடங்கு. 35 டிகிரி அறையிலிருந்து 5 டிகிரி ஃப்ரிட்ஜுக்கு மாற்றினால் ஆறு முறை இரட்டிப்பு, 64 மடங்கு. காகிதத்தில் ஃப்ரிட்ஜ் ஜெயிக்கிறது. ஆனால் ஃப்ரிட்ஜுக்குள் விதையைத் திறந்தபடி வைத்தால் அங்கிருக்கும் ஈரக்காற்றைக் குடித்து, காயவைத்து வாங்கிய 16 மடங்கு கையைவிட்டுப் போய்விடும். விதையைக் காயவைப்பதற்குச் செலவு கிடையாது. ஆடிக்கு வேண்டிய எட்டு மாதத்துக்கு அந்த 16 மடங்கே தாராளம்.

விதை எந்நேரமும் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதமாக இருக்கும் இடத்தில் சில வாரம் கிடந்தால் பரங்கி விதையின் ஈரம் 10, 11 சதவீதத்தில் போய் நிற்கும். 30 சதவீதக் காற்றில் 5, 6 சதவீதத்துக்கு இறங்கும். இதில் நெல்லோடு ஒப்பிட்டு ஏமாறக் கூடாது. நெல் விதைக்கு 13 சதவீதம் வரை ஈரம் ஏற்கத்தக்கது. பரங்கிப் பருப்பிலோ ஏறக்குறையப் பாதி எண்ணெய், அது தண்ணீரை ஏற்காது. இருக்கிற ஈரம் முழுக்க மீதிப் பாதியில்தான் நிற்கும். அதனால்தான் இந்திய விதைச் சான்றளிப்புத் தரத்தில் பரங்கிக்கு ஈரம் அதிகபட்சம் 7 சதவீதம், காற்றுப் புகாத பொட்டலமென்றால் 6 சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள். முளைப்புத்திறன் குறைந்தது 60 சதவீதம் இருக்க வேண்டும்.

இனி எந்த முறையை எடுத்தாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதில் விதை 7 சதவீதத்துக்குள் வருமா, வந்தால் அங்கேயே நிற்குமா?

மழையில் காயை அறுக்காமல் வைக்கலாமா?

சேமிப்பு என்றால் யாரும் இதை ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகைக் காய்க்கு இதுவே முதல் தேர்வு. முற்றிய பரங்கியைக் காம்போடு பறித்து, உடைக்காமல், வைக்கோலின் மேலோ உறியிலோ ஒன்றோடொன்று இடிக்காமல் வைத்தால் இரண்டு மாதம் வரை கெடாது. மழைக்காலத்தில் அதற்குள் இருக்கும் விதையை நாம் காயவைக்கப் போராட வேண்டியதில்லை. தை பிறந்து வெயில் தெளிந்ததும் அறுத்துக்கொள்ளலாம்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. பறித்த பிறகும் காய்க்குள் விதை முற்றிக்கொண்டிருக்கும். கொடியிலிருந்து பறித்தவுடன் எடுத்த விதையைவிட மூன்று, நான்கு வாரம் காயிலேயே விட்டு எடுத்த விதை கனமாக இருக்கும், முளைப்பும் கூடும்.

பறிக்கும் பதம் தவறினால் இதெல்லாம் வீண். காம்பு பச்சை மாறி மரக்கட்டை நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். தோலில் நகம் இறங்கக் கூடாது. காம்பு முறிந்த காயில் அந்த இடத்திலிருந்து அழுகல் புகும், அதைச் சமையலுக்கு அனுப்பிவிடுங்கள். வைத்த காய்களை வாரம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் மெத்தென்று அமுங்கினால் உடனே அறுத்துவிட வேண்டும். ரொம்ப நாள் விட்டால் உள்ளேயே விதை முளைவிடும். அறுக்கும்போது வெள்ளை வேர் சுருண்டு நிற்கும். முளை கண்ட விதை சேமிப்புக்கு உதவாது. இரண்டு மாதத்துக்கு மேல் நீட்ட வேண்டாம்.

தையில் விதைத்துச் சித்திரை, வைகாசியில் எடுத்த காய்க்கு இந்தச் சிக்கலே கிடையாது. அறுத்த அன்றே வெயில் காத்திருக்கும், ஆடிக்கு இரண்டு மாதம்தான். வீட்டு விதையைத் தைப்பட்டக் கொடியிலிருந்து எடுப்பதென்று பழக்கிக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

விதையைக் காயவைத்தல்

காயை நடுவில் வெட்டும்போது கத்தி விதைக் குழிக்குள் ஆழமாக இறங்கக் கூடாது. சுற்றிலும் சதையை மட்டும் கீறி, கையால் பிளந்தால் விதையில் வெட்டு விழாது. வெட்டுப்பட்ட ஓட்டின் வழியாகத்தான் பூஞ்சணமும் வண்டும் நுழைகின்றன.

சதையோடு வந்த விதையைத் தண்ணீரில் பிசைந்து அலசுங்கள். வழுவழுப்பு போகாவிட்டால் ஒரு பிடி அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்தால் போய்விடும். வெள்ளரி, தக்காளி போல இரண்டு மூன்று நாள் புளிக்கவைக்க வேண்டியதில்லை. ஓர் இரவுக்கு மேல் தண்ணீரில் கிடந்தால் முளைக்கக் கிளம்பிவிடும். மிதப்பதையெல்லாம் பதர் என்று கொட்டிவிடாதீர்கள். பரங்கி விதையில் ஓட்டுக்கும் பருப்புக்கும் நடுவே காற்று தங்குவதால் நல்ல விதையும் மிதக்கும். காய்ந்த பிறகு விரலால் அழுத்திப் பார்த்துத் தட்டையாக அமுங்குவதைக் கழிப்பதே சரியான வழி.

முதல் நாள் நிழலில், காற்றோட்டத்தில் மேல் ஈரம் போகட்டும். பிறகு முறத்திலோ கொசுவலைத் துணியிலோ ஒற்றை வரிசையாகப் பரப்பி, காலை 8 முதல் 11 வரையும் பிற்பகல் 3 முதல் 5 வரையும் வெயில் காட்டுங்கள். உச்சி வெயிலில் மொட்டை மாடித் தரையில் நேராகப் பரப்பினால் தரைச்சூடு காற்றின் சூட்டைவிட வெகுவாக ஏறி விதை வெந்துவிடும். ஈர விதைக்கு 38 டிகிரிக்கு மேல் ஆகாது. செய்தித்தாளில் பரப்பினால் ஈர விதை ஒட்டிக்கொண்டு, பிய்க்கும்போது தோலோடு வரும்.

மாலையானதும் விதையை உள்ளே எடுத்து மூடிவைக்காமல் விட்டால், பகலில் போன ஈரத்தில் ஒரு பங்கு இரவுக்காற்றில் திரும்பிவிடும். ஐந்து நாள் காயவைத்தும் வளைகிறது என்பவர்களின் விதை பெரும்பாலும் இரவு முழுக்க மாடியிலேயே கிடந்ததுதான். நல்ல வெயிலில் நான்கைந்து நாள் போதும். மழைக்காலத்தில் வீட்டுக்குள் மின்விசிறிக்கடியில் இரண்டு வாரம் ஆகலாம். அப்படியும் காற்றின் ஈரம் எவ்வளவோ அதற்குக் கீழே இறங்காது.

காய்ந்ததா என்று பார்க்க மூன்று வழி இருக்கிறது. மூன்றும் சமமானவை அல்ல.

உப்புச் சோதனை எளிது. உலர்ந்த பாட்டிலில் வறுத்து ஆறவைத்த உப்புத்தூள் இரண்டு ஸ்பூன், கால் பாட்டில் விதை போட்டு மூடிக் குலுக்கி, 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் விதை ஈரம். ஆனால் உப்பு நீர்த்துப்போவது சுமார் 75 சதவீத ஈரக்காற்றில்தான். எனவே உப்பு ஒட்டவில்லை என்பதால் விதை 10 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது என்று மட்டுமே தெரியும். தவசத்துக்கு அது போதும், பாட்டிலில் அடைக்கப்போகும் பரங்கிக்குப் போதாது.

அடுத்தது வளைத்துப் பார்ப்பது. விதையை இரு முனையிலும் பிடித்து மெல்ல மடக்குங்கள். காயாத விதை தோல்போல வளையும். காய்ந்தது வளையாமல் ‘டக்’கென்று ஒடியும், பருப்பும் இரண்டாக முறிந்திருக்கும். ஓடு ஒடிந்து பருப்பு மட்டும் வளைந்தால் இன்னும் இரண்டு நாள் வேண்டும். ஓட்டின் மேலிருக்கும் கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய சவ்வு தானாக உரிந்து பறப்பதும் நல்ல அடையாளம்.

மூன்றாவது, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி. விதை முக்கால் பாகம் நிறைந்த பாட்டிலுக்குள் அதைப் போட்டு மூடி, ஒரு நாள் கழித்து எண்ணைப் பாருங்கள். 35-க்குக் கீழே காட்டினால் விதை 6 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது, அடைக்கலாம். 45-க்கு மேலென்றால் திரும்ப வெளியே எடுங்கள். மலிவான கருவியில் ஐந்து புள்ளி முன்னே பின்னே இருக்கும். அப்படியும் கையால் ஊகிப்பதைவிட நல்லது.

துணிப்பையும் காகித உறையும்

காற்று போய்வரும் என்பதே இவற்றின் பலமும் பலவீனமும். முழுதாகக் காயாத விதை இதில் மெதுவாகக் காய்ந்துகொண்டே போகும், புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்காது. அதே சமயம் ஊர்க்காற்றின் ஈரம் எவ்வளவோ அவ்வளவும் உள்ளே வரும். கரூர், ஈரோடு, கோவை போன்ற வறண்ட பக்கத்தில் தையில் எடுத்த விதையை ஆடி வரை துணிப்பையில் வைத்தால் பெரிய நட்டமில்லை. சென்னை, கடலூர், நாகைப் பக்கம் கடற்காற்றில் அதே பையில் விதை ஈரம் கோத்துக்கொண்டு தளர்ந்துபோகும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் காய்கறி விதைகளுக்குப் பொதுவாகச் சொல்வதும் இந்தப் போக்கில்தான்: எட்டு ஒன்பது மாதத்துக்குத் துணி அல்லது சாக்குப் பை, ஒரு வருடத்தை ஒட்டியென்றால் உள்ளே பாலித்தீன் வைத்த சாக்கு, அதற்கும் மேலென்றால் நன்கு உலர்த்திய விதையை 700 கேஜ் கனமுள்ள பாலித்தீன் பையில். கடையில் கிடைக்கும் மெல்லிய ஜிப் கவர் இந்தக் கணக்கில் வராது. அதன் வழியாக ஈரம் மெல்ல ஊடுருவும், பரங்கி விதையின் கூர்முனை குத்தி ஓட்டையும் விழும்.

துணிப்பைக்கு எலிதான் எமன். மற்ற காய்கறி விதைகளைத் தொடாத எலிகூடப் பரங்கிப் பருப்பை விடாது. பையை ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள்; அதன் மூடி காற்றை முழுதாக அடைக்காது, எலியை அடைக்கும்.

சாண வரட்டி, சாம்பல் பானை

பச்சைச் சாணத்தில் பத்துப் பதினைந்து விதையைப் பதித்து வரட்டியாகத் தட்டிச் சுவரில் ஒட்டுவது பழைய வழக்கம். காய்ந்தபின் வண்டு நெருங்காது, ஆடியில் வரட்டியோடு குழியில் வைத்தால் எருவும் ஆயிற்று. ஆனால் பச்சைச் சாணத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். காயவைத்த விதையை மறுபடி நனைக்கிறோம் என்பதே இதன் அடிப்படைக் குறை. தை, மாசி வெயிலில் விரல் கனத்துக்கு மெல்லிசாகத் தட்டினால் இரண்டு நாளில் உலர்ந்து தப்பிக்கும். தடிமனாகத் தட்டினாலோ மழை மூட்டத்தில் தட்டினாலோ உள்ளே முளை கிளம்பிச் செத்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது, ஆடியில்தான் தெரியும். பாதிக்குப் பாதி சாம்பல் கலந்து பிசைந்தால் ஈரம் குறையும். இன்று மற்ற வழிகள் இருக்கும்போது நாங்கள் இதைப் பரிந்துரைக்க மாட்டோம். வழக்கத்தை விடக் கூடாதென்றால் விதையில் ஒரு பங்கை மட்டும் இப்படி வையுங்கள்.

சாம்பல் வேறு கதை. விறகுச் சாம்பலைச் சலித்து, சூடு ஆறியவுடன், விதைக்குச் சமமான அளவில் கலந்து பானையில் அடுக்கினால் இரண்டு வேலை நடக்கும். ஒன்று, புதுச் சாம்பல் ஈரத்தை இழுக்கும். இன்னொன்று, நுண்ணிய தூள் வண்டின் மேல்பூச்சைச் சுரண்டி அதை உலர்த்திக் கொல்லும். இடைவெளியை நிரப்பிவிடுவதால் நகரவும் முடியாது. பானையின் அடியில் இரண்டு விரல் கனம் வெறும் சாம்பல், நடுவில் கலவை, மேலே மறுபடி வெறும் சாம்பல், துணி கட்டி வாய்க்கு மண் பூச்சு என்பது முறை.

‘புது’ என்பதைக் கவனியுங்கள். அடுப்படியில் பத்து நாள் கிடந்த சாம்பல் ஏற்கெனவே காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும். அது விதைக்கு ஈரம் கொடுக்குமே தவிர எடுக்காது. பழையதென்றால் வாணலியில் வறுத்து ஆறவைத்துப் போடுங்கள். குப்பை, பிளாஸ்டிக் எரித்த சாம்பல் வேண்டாம். மண்பானை தானே ஈரத்தைக் கசியவிடும். தரையில் வைத்தால் மழைக்காலத்தில் அடியிலிருந்து ஏறும், ஆகவே பலகையின் மேல் வையுங்கள். அதே கலவையை மூடி இறுகும் பிளாஸ்டிக் டிரம்மில் போட்டால் பானையைவிட மேல். இரண்டு மூன்று கிலோ விதை வைத்திருக்கும் விவசாயிக்குச் செலவில்லாத நல்ல வழி இதுதான்.

வசம்புத்தூள் கிலோவுக்கு 10 கிராம் போடுவது வண்டுக்குத் தடை; ஈரத்துக்கு அது ஒன்றும் செய்யாது. வேப்பிலை போடுவதென்றால் சருகாகக் காய்ந்ததைப் போடுங்கள், பச்சை இலை ஈரத்தைத்தான் கொண்டுவரும். நெல் மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் விதைக்கு வைப்பது உயிரோடு விளையாடுவது, அந்த யோசனையே வேண்டாம்.

அந்தக் காலத்தில் அடுப்புக்கு மேல் பரணில் விதை தொங்கியது சரியான இடம். விறகுப்புகையும் உலர்ந்த சூடும் காத்தன. இப்போதைய கேஸ் அடுப்புச் சமையலறையில் சாதம் வடித்த ஆவியும் தாளிப்பு ஆவியும்தான் மேலே போகின்றன. வீட்டிலேயே விதை வைக்கக் கூடாத இடம் இன்று அதுதான். ஓட்டுக்கோ தகரத்துக்கோ கீழே இருக்கும் பரணும் சித்திரையில் அடுப்பாகிவிடும்.

கண்ணாடி பாட்டிலும் உலர்த்தியும்

வீட்டுத் தோட்டத்துக்குப் பத்துக் குழி, இருபது குழி போடுபவருக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. ஒரு காயிலேயே இருநூறு விதைக்கு மேல் கிடைக்கும், அவ்வளவும் ஒரு ஊறுகாய் பாட்டிலில் அடங்கிவிடும்.

முதலில் பாட்டிலைச் சோதியுங்கள். வெறும் பாட்டிலை இறுக மூடி, சூடான தண்ணீரில் தலைகீழாக அமுக்குங்கள். உள்ளேயிருக்கும் காற்று விரிந்து மூடியோரத்தில் குமிழி வந்தால் அந்த மூடி ஆகாது. ரப்பர் வளையம் வைத்த, கம்பிக் கொக்கி மாட்டும் பாட்டில்கள் நன்றாக அடைக்கும். வெறும் பிளாஸ்டிக் மூடி பல சமயம் தேறாது.

வெயிலில் காய்ந்து ஒடியும் பதத்துக்கு வந்த விதைக்கு, அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு சிலிக்கா ஜெல் (ஈரத்தை உறிஞ்சும் சிறு மணிகள்) போதும், அது காவலுக்கு. மழைக்காலத்தில் விசிறியடியில் காய்ந்த, இன்னும் வளையும் விதையென்றால் சம எடை வேண்டும்: 100 கிராம் விதைக்கு 100 கிராம் ஜெல். விதையை மெல்லிய துணியில் முடிந்து, ஜெல்லின் மேல் வைத்து மூடுங்கள். ஒரு வாரத்தில் ஒடியும் பதத்துக்கு வந்துவிடும். பிறகு பெரும்பகுதி ஜெல்லை எடுத்துவிட்டுப் பத்தில் ஒரு பங்கை மட்டும் விடுங்கள்.

ஆரஞ்சு நிற ஜெல்லை வாங்குங்கள். ஈரம் குடித்ததும் பச்சையாக மாறும், ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் நிறம் திரும்பும். நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நச்சு; சமையல் பாத்திரங்களோடு புழங்க வேண்டாம்.

ஜெல் கிடைக்காத இடத்தில் பலர் பாட்டிலின் அடியில் ஒரு பிடி அரிசி போடுகிறார்கள். கடை அரிசியிலேயே 12, 13 சதவீதம் ஈரம் இருக்கிறது. 7 சதவீதத்துக்குக் காய்ந்த பரங்கி விதையோடு அதைப் பூட்டிவைத்தால் அரிசியிலிருந்து விதைக்குத்தான் ஈரம் போகும். அரிசியைச் சிறு தீயில் நிறம் மாறும்வரை வறுத்து, மூடிய பாத்திரத்தில் ஆறவைத்து, விதையின் எடையைப்போல் இரு மடங்காவது போட்டால்தான் பலன். மூன்று நாளைக்கொருமுறை மாற்ற வேண்டும். வேலை அதிகம், ஆனால் வேலை செய்யும்.

மூடிய பாட்டிலை நேரடி வெயில் படாத, வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். கீழ்த்தட்டு அலமாரி நல்லது. முதல் பத்து நாள் கண்ணாடியின் உட்புறத்தைக் கவனியுங்கள். காலையில் பனித்துளிபோல் ஒரு மங்கல் தெரிந்தால் விதை காயவில்லை. அன்றே வெளியே எடுத்தால் பிழைக்கும். மூடிய பாட்டிலில் இரண்டு வாரம் விட்டுவிட்டுப் பார்த்தால் சாம்பல் பச்சையில் பூஞ்சணம் பூத்துப் புளித்த எண்ணெய் வாடை அடிக்கும். அந்த விதையைக் கழுவிக் காயவைத்துப் பயனில்லை.

ஃப்ரிட்ஜும் ஃப்ரீசரும்

ஃப்ரிட்ஜ் என்பது பாட்டிலுக்கு மாற்று அல்ல, பாட்டிலுக்குமேல் ஒரு படி. அதே அடைத்த பாட்டிலை மேல்தட்டின் உட்பக்கத்தில் வைக்க வேண்டும். கதவுத்தட்டில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடேறி இறங்கும். அறையிலேயே நன்றாக உலர்த்தி வைத்த பரங்கி விதை நான்கு வருடம் வரை முளைக்கக்கூடியது என்பதால், அடுத்த ஆடிக்கு மட்டுமென்றால் ஃப்ரிட்ஜ் தேவையே இல்லை. அரிய நாட்டு ரகம், மூன்று நான்கு வருடத்துக்கு வேண்டும், அல்லது வீடு சித்திரையில் கொதிக்கும் மேல்மாடி என்றால் வையுங்கள். மின்வெட்டுக்குப் பயப்பட வேண்டாம், அடைத்த பாட்டிலுக்குள் சில மணி நேரச் சூடு ஒன்றும் செய்யாது.

வெளியே எடுக்கும் நாளில்தான் காரியம் கெடுகிறது. குளிர்ந்த பாட்டிலை உடனே திறந்தால் அறையின் ஈரக்காற்று சில்லிட்ட விதையின் மேல் நீராகப் படியும். முதல் நாள் இரவே எடுத்து வெளியில் வைத்து, மறுநாள் காலை திறங்கள். கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பவர்கள் ஒரே பாட்டிலை அடிக்கடி திறக்காமல் நான்கு சின்னப் பாட்டிலாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

டெல்லியிலிருக்கும் தேசிய மரபணு வங்கி விதைகளை மைனஸ் 18 டிகிரியில் பல பத்தாண்டுக்குக் காக்கிறது. அவர்கள் ஈரத்தை அளந்து இறக்கிய பிறகே உறையவைக்கிறார்கள். ஈரம் 8 சதவீதத்துக்கு மேலிருக்கும் விதையை ஃப்ரீசரில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் உறைந்து கருவைக் கிழித்துவிடலாம். ஈரத்தை அளக்க வழியில்லாதவர்கள் ஃப்ரீசர் பக்கம் போக வேண்டாம். வண்டு முட்டை சந்தேகமிருந்தால் மட்டும், ஒடியும் பதத்துக்குக் காய்ந்த விதையை அடைத்து நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுப்பது பயன்தரும்.

யாருக்கு எது

உள் மாவட்டம், தைவெயிலில் காய்ந்த விதை, ஆடிக்கு மட்டும்: துணிப்பை, எவர்சில்வர் டப்பா. காசு செலவழிக்க வேண்டாம். கடலோரத்தில் அதே தேவைக்குப் பாட்டிலும் ஜெல்லும்; துணிப்பையை நம்ப வேண்டாம். கிலோக்கணக்கில் வைப்பவருக்குப் புதுச் சாம்பலும் மூடி இறுகும் டிரம்மும். வருடக்கணக்கில் ரகம் காக்க பாட்டில், ஜெல், ஃப்ரிட்ஜ் மூன்றும் சேர்த்து. மழைக்காலத்தில் கையில் காய் மட்டும் இருக்கிறதா? அறுக்காமல் தை வரை வைத்துவிட்டு இந்த நான்கில் ஒன்றுக்கு வாருங்கள். விதை காய்ந்ததா என்று உறுதியில்லாதவர் எதையும் இறுக மூடக் கூடாது.

கடையில் வாங்கிய எஃப்1 வீரிய ஒட்டு ரகத்தின் விதைக்கு இவ்வளவு பாடும் தேவையில்லை. அடுத்த தலைமுறை தாயைப்போல வராது. நாட்டு ரகமானாலும் பக்கத்துத் தோட்டத்தில் வேறு பரங்கி பூத்திருந்தால் தேனீ கலந்துவிட்டிருக்கும். சான்று விதைக்கு 500 மீட்டர் இடைவெளி கேட்பது அதனால்தான். சாம்பல் பூசணி பக்கத்தில் இருந்தால் பாதகமில்லை, இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது.

ஆனியில் ஒரு சோதனை

விதைப்புக்கு மூன்று வாரம் முன்பு 20 விதையை எடுத்துச் சோதித்துவிடுங்கள். பருத்தித் துணியை நனைத்து, சொட்டு நீர் விழாதபடி இறுகப் பிழிந்து, விதைகளைத் தொடாமல் அடுக்கிச் சுருட்டி, பாலித்தீன் பையில் தளர்வாகப் போட்டு வையுங்கள். துணி சொதசொதவென்று இருந்தால் நல்ல பரங்கி விதையும் மூச்சுமுட்டி அழுகும். விதை கெட்டுவிட்டது என்று தவறாக முடிவு கட்டுவோம். நாலாம் நாள் ஒரு முறை, எட்டாம் நாள் கடைசியாக எண்ணுங்கள். வேர் நீண்டு நேராக இருப்பதை மட்டும் சேர்க்க வேண்டும். முனை கருத்ததும் சுருண்டதும் கணக்கில் வராது.

சிலிக்கா ஜெல்லில் இருந்த விதையை நேராகத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். மிகவும் உலர்ந்த பருப்பு திடீரென்று நீர் குடித்தால் திசு வெடிக்கும். ஒரு நாள் திறந்த தட்டில் அறைக்காற்றில் வைத்துவிட்டு அப்புறம் ஊன்றுங்கள்.

20-க்கு 16-க்கு மேல் முளைத்தால் குழிக்கு இரண்டு விதை போதும். 12 முதல் 16 என்றால் மூன்று, நான்கு போட்டுப் பிறகு கலைத்துவிடலாம். 12-க்கும் கீழே போனால் நேரடியாகக் குழியில் போட்டு நாளை வீணாக்காமல், எல்லாவற்றையும் துணியில் முளைகட்டி, முளைத்ததை மட்டும் எடுத்துத் தொட்டியில் நட்டு, இரண்டிலை விட்டதும் குழிக்கு மாற்றுங்கள்.